ரெகேவை டப், ஆம்பியன்ட்டா மாத்தும்போது எக்கோ கலங்குது: மண்டபத்துல போட என்ன செட்டிங்?

ஒசூர்_லூப்:
பழைய ரெகே பாட்டு சிலதை டப் (குரலைக் குறைச்சு பேஸையும் எக்கோவையும் முன்னால கொண்டுவர்றது), ஆம்பியன்ட் (மெதுவா பரவுற சூழல் இசை) பாணியில மாத்துறேன். அதுக்காக டிரம்ஸ், பேஸ், குரல், மத்ததுன்னு ஸ்டெம் (தனித்தனி டிராக்) பிரிச்சு லேப்டாப்புல வச்சிருக்கேன். 8 சேனல் மிக்சர், ரெண்டு ஆக்ஸ் சென்ட் (சேனல் சத்தத்தை எக்கோவுக்கு அனுப்புற குமிழ்). மென்பொருள் வேகம் 148 பிபிஎம்னு (நிமிஷத்துக்கு 148 தட்டு) காட்டுது. டிலேயை (எக்கோ இடைவெளி) டாட்டட் எய்த்துல (முக்கால் தட்டு) வச்சா படபடன்னு அடிக்குது. எக்கோவை ஏத்தினா பேஸ் கலங்குது, கொஞ்சம் விட்டா ஊளையிடுது. கிருஷ்ணகிரியில ஒரு மண்டபத்துல, வாடகை மைக் செட்டுல போடணும்.

எதிரொலி:
148ங்கிறது இரட்டிப்பு எண்ணிக்கை, 74ன்னு வைங்க. ஒரு தட்டு 60000 ÷ 74 = 811 மில்லிசெகண்ட். அதுல முக்கால் 608, அதான் டாட்டட் எய்த். இப்ப உங்களுக்கு 304 ஓடுது. 811ல வச்சா கிட்டார் வெட்டோட (ரெகேல தட்டுக்கு நடுவுல வர்ற கிட்டார் அடி) எதிரொலி அடுத்த வெட்டு மேலயே விழுந்து தடிச்சுடும். 608 காலியிடத்துல விழும்.

எக்கோ வெளியீட்டை ஆக்ஸ் ரிட்டர்ன்ல (எக்கோ மிக்சருக்குத் திரும்பி வர்ற துளை) விடாம முழுச் சேனல்ல சொருகுங்க, ஈக்யூவும் (டோன் குமிழ்) ஃபேடரும் (சத்தத்தை ஏத்தி இறக்குறது) கைக்கு வரும். மிக்ஸ் 100 சதவீதம் வெட் (எக்கோ மட்டும், அசல் சத்தம் கலக்காம). 300 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டிடுங்க. டேப் எக்கோவுல சுத்துக்குச் சுத்து மேல்சத்தம் மங்கும். டிஜிட்டல்ல தானா மங்காது, அதனால ஃபில்டர் டிலேயோட ஃபீட்பேக்குக்குள்ள (எக்கோ திரும்ப உள்ள போற சுத்து) இருக்கணும்.

ஊளை வருதுன்னா ஃபீட்பேக் 100ஐத் தொடுது, இல்லேன்னா ரிட்டர்ன் சேனலோட சொந்த சென்ட் திறந்திருக்கு, எக்கோ திரும்ப எக்கோவுக்கே போகுது. ரெண்டாவதை வேணும்னே ஒரு நொடி திறந்து மூடுறது டப் ஆளுங்க வித்தைதான், ஆனா கை ஃபேடர் மேல இருக்கணும். ஃபீட்பேக் 55-65 போதும். குரலோட கடைசி அசைக்கு மட்டும் சென்ட்டை ஏத்தி உடனே இறக்குங்க. முழு வரிக்கும் திறந்தா கஞ்சிதான்.

மெதுநடை:
ஆம்பியன்ட்னதும் எல்லாத்துலயும் ரிவர்ப் ஊத்துறாங்க, அங்கதான் கெடுது. பேஸுக்கு ரிவர்ப் ஒரு துளிகூட வேணாம். டிரம்ஸை எடுத்தாலும் பேஸ் இருந்தா பாட்டு தாங்கும். 1997ல அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் பாப் மார்லி பாட்டுகளை இப்படி மாத்தினப்ப குரலைப் பெரும்பாலும் எடுத்துட்டாரு. அதைக் கேட்டா எவ்வளவு கழிக்கலாம்னு தெரியும்.

ஆர்கன்ல ஒரு பார் வெட்டி 8 மடங்கு இழுத்து அடியில பரப்புங்க. ரிவர்ப் 6 செகண்ட், ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்குறதுக்கு முன்னாடி இடைவெளி) 50 மில்லிசெகண்ட். ஸ்டெம் பிரிக்கும்போது ஒட்டிக்கிற அந்தச் சலசலப்பை ரிவர்ப் பெருசாக்கும், அதனால உள்ள அனுப்புறதுக்கு முன்னாடியே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுங்க. ஜமைக்காவோட டப் முன்னோடி கிங் டப்பி ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ்சத்தத்தை வெட்டுறது) குமிழைத் திருகித்தான் பாதி வேலையை முடிச்சாரு. ஹை-ஹேட்டுலயும் கிட்டார்லயும் அதைச் செஞ்சு பாருங்க.

பாலக்கோடு_மைக்செட்:
தம்பி, மண்டபத்துல கிரானைட் தரை, வெறும் சுவருன்னா அந்த 6 செகண்டை 2 ஆக்குங்க. மிச்சத்தை மண்டபமே போட்டுடும். பாக்ஸ் ரெண்டு ஓரத்துல இருக்கும், பிங்-பாங் டிலே (இடமும் வலமுமா மாறி மாறி வர்ற எக்கோ) வச்சா ஒரு பக்கம் உக்காந்தவனுக்குப் பாதிதான் கேக்கும். எல்லாம் மோனோ.

15 இஞ்ச் பாக்ஸுல 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் வராது, கோன்தான் வெறுமனே ஆடும். அங்க ஹை-பாஸ் போடுங்க. பேஸ் கேக்கலேன்னா கெயினை ஏத்தாதீங்க, லேசா சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) குடுத்தா 80-160 ஹெர்ட்ஸ்ல தெரியும். லேப்டாப் சார்ஜர் சொருகினா ஹம் வரும், ஜெனரேட்டர்ல ஓடினா இன்னும் மோசம். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ் வச்சு, அதுல கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் தொடர்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) தட்டுங்க.

ஒசூர்_லூப்:
நன்றிங்ணா. லேப்டாப்ல இருந்து ஹெட்போன் துளை வழியாத்தான் மிக்சருக்குப் போகுது, அது பரவாயில்லையா?

எதிரொலி:
பேஸ் கலங்குற காரணமே அதான். எல்லா ஸ்டெம்மும் ஒண்ணா வருது, சென்ட்டைத் திறந்தா பேஸும் சேர்ந்து போகுது. நாலு அவுட்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா நல்லது. இல்லேன்னா மென்பொருள்லயே டிரம்ஸும் பேஸும் முழு இடது, குரலும் மத்ததும் முழு வலதுன்னு பேன் பண்ணுங்க (பக்கம் ஒதுக்குங்க). ரெண்டையும் தனித்தனி மோனோ சேனல்ல எடுத்து, மிக்சர்ல பேன் நடுவுல வச்சு, வலது சேனலோட சென்ட்டை மட்டும் தொடுங்க. ஸ்னேருக்குத் தனியா எக்கோ கிடைக்காது, அதை மட்டும் லேப்டாப்புக்குள்ளயே போட்டுக்கணும்.