மறு: ‘புளூரலிஸ்டிக் இக்னொரன்ஸ்’ – ‘தனிக்கருத்து மயக்கம்’ எனலாமா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

‘புளூரலிஸ்டிக் இக்னொரன்ஸ்’ (pluralistic ignorance) என்னும் சமூக உளவியல் சொல்லுக்குத் தமிழாக்கமாகப் பினாங்கு அன்பர் ‘பன்மை அறியாமை’ என்றும், ஈப்போவிலிருந்து எழுதிய ஆசிரியை அம்மா ‘கூட்டு அறியாமை’ என்றும் முன்மொழிந்திருந்தார்கள். இரண்டுமே மூலச்சொல்லை ஒட்டி அமைந்தவை. என் தடை அந்த மூலச்சொல்லின் மீதேதான். சமூக உளவியலாளர்கள் டேனியல் காட்ஸும் ஃபிளாய்டு ஆல்போர்ட்டும் அமெரிக்காவின் சிராகியூஸ் பல்கலைக்கழக மாணவர்களின் மனப்போக்கை ஆராய்ந்து 1931-இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை ஆண்டார்கள். ஒரு வழக்கத்தை உள்ளூர ஏற்காதவர்களே ஓர் அவையில் பெரும்பாலோராக இருந்தும், ‘மற்றவர்களெல்லாம் ஏற்கிறார்கள், நமக்கு மட்டுந்தான் ஒவ்வவில்லை’ என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு வெளியே ஒத்துப்போகும் நிலையை இப்பெயர் குறிக்கிறது.

நம் ஊரில் இதைக் காணப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்று போதும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பிரியாவிடை விருந்தை ஹோட்டலில் வைக்கலாம், தலைக்கு 80 ரிங்கிட் ஆகும் என்று ஒருவர் எழுந்து சொல்கிறார். ‘யாருக்கும் ஆட்சேபம் உண்டா?’ என்று தலைவர் கேட்கும்போது எல்லாரும் கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கிறார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. பிறகு சிற்றுண்டிச்சாலையில் மீ ஹூன் தட்டோடு நிற்கையில், ‘பள்ளி மண்டபத்திலேயே வைத்திருக்கலாம், எல்லாரும் ஆசைப்படுகிறார்களே என்றுதான் பேசாமல் இருந்தேன்’ என்று ஒருவர் தொடங்க, சுற்றி நிற்பவர்களும் அதையே சொல்கிறார்கள்.

இவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தம் மௌனத்துக்குத் தயக்கமே காரணம் என்று ஒவ்வொருவருக்கும் நன்றாகத் தெரியும். அதே மௌனத்தை அடுத்தவர் முகத்தில் காணும்போதுதான் சம்மதம் என்று படிக்கிறார்கள். இங்கே குறைவது அறிவன்று. கண்ணெதிரே இருக்கும் சான்றைப் பிறழக் கொள்வதே நடக்கிறது. லட்டானே, டார்லி என்னும் சமூக உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் சுவர்த் துளை வழியே புகை விடப்பட்டது. தனியே இருந்தவர்களுள் 75 விழுக்காட்டினர் எழுந்து சென்று தெரிவித்தார்கள். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த இருவர் அசையாமல் அமர்ந்திருந்த அறையிலோ 10 விழுக்காட்டினரே தெரிவித்தார்கள். புகையை அனைவரும் கண்டார்கள். அருகில் இருந்தோரின் அமைதி, அந்தப் புகைக்கு வேறு பொருள் கற்பித்துவிட்டது.

ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதற்குத் தமிழில் ‘மயக்கம்’ என்னும் சொல் காலங்காலமாக இருக்கிறது. கயிற்றைப் பாம்பென்று கொள்வது மயக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் உண்டு. தலைசுற்றலோடு குழப்பிக்கொள்வார்களே என்னும் அச்சம் வேண்டியதில்லை. திணை மயக்கத்தைப் படித்து எவரும் மருத்துவமனைக்கு ஓடியதில்லை. மேலும், மயக்கம் தெளியும். சவூதித் தலைநகர் ரியாத்தில் மணமான இளைஞர்களிடம் நடத்தி 2020-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வில், பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை பார்ப்பதைப் பெரும்பாலோர் தனிப்பட ஆதரித்தார்கள். ஆனால் மற்ற ஆண்களின் ஆதரவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மை நிலவரத்தைச் சொன்ன பிறகு, மனைவியை வேலை தேடித்தரும் சேவையில் பதிந்தவர்களின் விகிதம் உயர்ந்தது. வாதிட்டு எவருடைய கொள்கையும் மாற்றப்படவில்லை; பிறரைப் பற்றிய கணிப்பு திருத்தப்பட்டது, அவ்வளவே.

ஆகவே ‘தனிக்கருத்து மயக்கம்’ என்று முன்மொழிகிறேன்: பலருக்கும் பொதுவான கருத்தைத் தனக்கு மட்டுமே உரிய தனிக்கருத்தென மயங்குதல். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1977-இல் ராஸ், கிரீன், ஹவுஸ் ஆகியோர் விளக்கிய எதிர்நிலையில், விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றிவர இசைந்த மாணவர்கள் பெரும்பாலோர் இசைவார்கள் என்றும், மறுத்தவர்கள் பெரும்பாலோர் மறுப்பார்கள் என்றும் கருதினார்கள். தன் கருத்தே ஊர்க்கருத்தென்னும் இந்நிலையைப் ‘பொதுக்கருத்து மயக்கம்’ என்றால் இரண்டும் இணையாகிவிடும். பாடநூலில் இவை அடுத்தடுத்த பக்கங்களில் வருபவை. ‘பன்மை அறியாமை’யை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவதற்குப் பெயர் தேடிப் பாருங்கள், இடர்ப்பாடு புரியும்.

ஆசிரியை அம்மா ‘கூட்டு’ என்பதை வலியுறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் மட்டும் தவறாகக் கணித்தால் அது வெறும் பிழை. பலர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பிழைப்பதுதான் இங்கே பொருள். ஆயினும் ‘கூட்டுத் தனிக்கருத்து மயக்கம்’ என்று நீட்டினால் மாணவர் எவரும் தேர்வில் எழுதமாட்டார். அதை வரையறையில் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. அகராதிக்கான வரைவு:

தனிக்கருத்து மயக்கம்: ஒரு குழுவினருள் பலர், தம்முள் பொதுவாக உள்ள கருத்தை ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே உரியதென மயங்கி, பிறர் கருத்தென்று தாம் கொண்டதற்கு இணங்க வெளியே நடந்துகொள்ளும் நிலை.

‘இணங்க’ என்பதற்கு மாற்றாக ‘ஒத்து’ என்றிருக்கலாமா என்பதை இலக்கணம் அறிந்த அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூர்