பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டுக்கு மாறியதும் கிளை ரூட்டுகள் எல்லாம் காணவில்லை

கேட்டவர்:
வணக்கம். கிளை அலுவலக சிஸ்கோ ரவுட்டர் ஒன்று தலைமை அலுவலகத்தோடு பிஜிபி (ரவுட்டர்கள் ரூட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) பேசுகிறது. நெய்பர், அதாவது எதிர்முனை ரவுட்டர், 192.168.100.1. அங்கிருந்து மற்ற கிளைகளின் /24 ரூட்டுகளும் (முதல் 24 பிட் நெட்வொர்க்கைக் குறிப்பவை) டீஃபால்ட் ரூட்டும் (வேறு எதுவும் பொருந்தாதபோது பயன்படும் 0.0.0.0/0) மட்டும் வந்தால் போதும். இதுவரை டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட்டில் (வரும் ரூட்டுகளை வடிகட்டும் அமைப்பு) இருந்தது இது:

அக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 10.20.0.0 0.0.255.255
அக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 0.0.0.0

இதோடு 10.20.0.0/14 என்ற சம்மரியும் (10.20 முதல் 10.23 வரை ஒன்றாகச் சேர்த்த ரூட்) உள்ளே வந்துவிடுகிறது. 10.22, 10.23 இரண்டுக்கும் வேறு லைனில் 10.0.0.0/8 ஸ்டாடிக் ரூட் போட்டிருக்கிறோம். /14 அதைவிட நீளம், பொருந்துவதில் நீளமானதையே ரவுட்டர் எடுக்கும் என்பதால் அந்த டிராஃபிக் முழுக்க இந்தப் பக்கம் திரும்புகிறது. அதனால் டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட்டை எடுத்துவிட்டு பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டுக்கு இப்படி மாற்றினேன் ('கிளை' லிஸ்ட்டின் பெயர், சீக் என்பது வரியின் வரிசை எண்):

ஐபி பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் கிளை சீக் 5 பெர்மிட் 10.20.0.0/16

இப்போது நெய்பர் அப்பில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு ரூட்கூட இல்லை. ஏன்?

பதில் 1:
இரண்டும் பார்க்கும் விதமே வேறு. ஸ்டாண்டர்டு அக்சஸ் லிஸ்ட் ரூட்டின் நெட்வொர்க் முகவரியை மட்டும் பார்க்கும், மாஸ்க் என்ன என்று கேட்கவே கேட்காது. 10.20.0.0/14-க்கும் முகவரி 10.20.0.0 தானே, அதனால் உள்ளே விட்டுவிட்டது. 10.20-க்குள் /30 லிங்க் ரூட் வந்திருந்தால் அதையும் விட்டிருக்கும்.

பிரிஃபிக்ஸ் லிஸ்ட் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஜிஇ (குறைந்தபட்ச நீளம்), எல்இ (அதிகபட்ச நீளம்) எதுவும் போடாமல் /16 என்று எழுதினால் அச்சாக அந்த /16 ரூட் மட்டும்தான் பொருந்தும். உங்களுக்கு வருவதெல்லாம் /24, அதனால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் டினையில் (மற்ற எல்லாவற்றையும் மறுக்கும் வரி) விழுகின்றன. இப்படி எழுதுங்கள்:

சீக் 5 பெர்மிட் 10.20.0.0/16 ஜிஇ 24 எல்இ 24

முதல் 16 பிட் 10.20 ஆக இருக்க வேண்டும், நீளம் சரியாக 24 இருக்க வேண்டும் என்று அர்த்தம். வெறும் எல்இ 24 போட்டால் 16 முதல் 24 வரை எல்லா நீளமும் வரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பிஜிபியை சாஃப்ட் கிளியர் (இணைப்பை அறுக்காமல் ரூட்டுகளைப் புதுப்பிப்பது) செய்ததும் /24 எல்லாம் வந்துவிட்டன, /14 இல்லை. ஆனால் டீஃபால்ட் ரூட் வரவில்லை. 0.0.0.0/0 எல்இ 32 என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகுமா?

பதில் 1:
வேண்டாம்! அதற்கு 'எல்லா ரூட்டும்' என்று அர்த்தம், /14 திரும்ப உள்ளே வந்துவிடும். டீஃபால்ட் மட்டும் வேண்டுமென்றால் எல்இ இல்லாமல்:

சீக் 10 பெர்மிட் 0.0.0.0/0

பதில் 2:
பழைய ரவுட்டர்களில் இதையே எக்ஸ்டெண்டட் அக்சஸ் லிஸ்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள், பார்த்தால் குழம்ப வேண்டாம்:

அக்சஸ்-லிஸ்ட் 101 பெர்மிட் ஐபி 10.20.0.0 0.0.255.255 255.255.255.0 0.0.0.0

பிஜிபி நெய்பரில் டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட்டாகப் போடும்போது சோர்ஸ் இடத்தில் இருப்பது நெட்வொர்க், டெஸ்டினேஷன் இடத்தில் இருப்பது மாஸ்க். வேலை செய்யும், ஆனால் அடுத்து வருபவருக்குப் படிக்கவே புரியாது. பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டிலேயே இருங்கள்.

இன்னொன்று. லிஸ்ட்டைத் திருத்த வேண்டி வந்தால் முழுசாக அழித்துவிட்டுத் திரும்ப அடிக்காதீர்கள். நெய்பரில் பெயர் இருந்து லிஸ்ட் இல்லாமல் போனால் ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) எல்லா ரூட்டையும் உள்ளே விட்டுவிடும். சீக் நம்பர் எதற்கு இருக்கிறது? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

கேட்டவர்:
டீஃபால்டும் வந்துவிட்டது. ஷோ ஐபி பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் டீட்டெயிலில் இரண்டு வரிக்கும் ஹிட் கவுண்ட் ஏறுகிறது. 10.22-க்கு டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன், பழைய லைன் வழியாகவே போகிறது.