பள்ளிக்கரணை பேட்டி: திரும்பப் பார்த்தபோது

நான் (இரவு 8:40): எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காப்பது பற்றி மாலையில் ஒளிபரப்பான என் பேட்டியைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த வாரம் இன்னொரு தொலைக்காட்சி அழைத்திருப்பதால், பாராட்டுகளைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். எங்கெங்கே தடுமாறினேன் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சித்தி (8:52): குரல் கணீரென்று இருந்தது, கண்ணு. ஆனால் ஒவ்வொரு பதிலையும் 'அது வந்து' என்றே தொடங்கினாய்.

பெரியப்பா (8:58): பிழை ஒன்று உண்டு, அம்மா. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றபோது அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். நீ 1,248 ஏக்கர் என்று சொல்லிவிட்டாய். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்பதால், நாம் காக்க நினைக்கும் நிலம் உன் பேச்சில் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது.

நான் (9:01): உண்மைதான், பெரியப்பா. செய்தியாளருக்கு உடனே எழுதினேன். யூடியூப் பதிவின் கீழே திருத்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தம்பி (9:07): அக்கா, எனக்கு உறுத்தியது வேறு. "நீங்களும் அங்கேதானே வீடு வாங்கியிருக்கிறீர்கள்?" என்றுதான் அவர் கேட்டார். "நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல" என்று நீ சொன்னாய். அவர் சொல்லாத சொல்லை நீயே எடுத்துக் கொடுத்தாய். திரையின் அடியில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் (9:21): அந்த இடத்தை மூன்று முறை பார்த்தேன். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, என் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டேன். கடைசியாக, பேசியது முழுவதையும் சொல்லுக்குச் சொல் நோட்டில் எழுதியபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான் முறையாகத்தான் பதில் சொல்லி முடித்திருந்தேன்; அவர் மறுகேள்வி கேட்காமல் மைக்கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்த சில விநாடிகளைத் தாங்க முடியாமல், இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார் என்றெண்ணிச் சேர்த்த வாக்கியம்தான் அது. தொகுப்பில் முன்பகுதியை வெட்டிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா (9:30): வெட்டினாலும் பொருள் மாறாதபடி, முதல் வாக்கியத்திலேயே முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும். சதுப்பு நிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைவதை நீ இரண்டு நிமிடம் விளக்கினாய். அதில் ஒரு சொல்லும் ஒளிபரப்பாகவில்லை.

நான் (9:44): இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "ஆமாம், நாங்களும் அங்கேதான் வாழ்கிறோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒக்கியம் மடுவில் வழி அடைபட்டால் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் வீடுகளுக்குள்தான் வரும். அதனால்தான் சதுப்பு நிலத்தைக் காக்கச் சொல்கிறோம்." சத்தமாகப் படித்தால் இருபது விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

தம்பி (9:47): இதில் எந்த வாக்கியத்தை வெட்டி எடுத்தாலும் நமக்குக் கேடில்லை, அக்கா.

சித்தி (9:50): நாளைக் காலை வீடியோ அழைப்பில் வா; செய்தியாளர் இடத்தில் இருந்து நான் கேட்கிறேன். நீ பதில் சொன்ன பிறகு பத்து விநாடி நான் வாய் திறக்க மாட்டேன். நீயும் திறக்கக் கூடாது.

நான் (9:51): சரி, சித்தி. ஏழு மணிக்கு அழைக்கிறேன்.