மறு: ‘சாலினிட்டி ரெஃப்யூஜ்’ – நண்டு ஒட்டுண்ணிக் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். தன் பகை தாங்கமுடியாத உப்பளவுள்ள நீரில் ஓர் உயிர் தப்பிப் பிழைப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘சாலினிட்டி ரெஃப்யூஜ்’ என்கிறார்கள். அதற்கு வந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘உவர்ப்பியப் புகலிடம்’ போதுமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா. ஆனால் படிப்பவர், நண்டு உப்பு மிகுந்த நீருக்குள் போய்த் தஞ்சம் புகுகிறது என்றுதான் எண்ணிக்கொள்வார். நடப்பது நேர்மாறு. கட்டுரை பேசும், அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவையே பார்ப்போம்.

அங்கே ஹாரிஸ் சேற்று நண்டு என்று ஒன்று உண்டு. ஓடு இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. அதைப் பிடித்து ஆட்டுவது ‘லாக்சோதைலகஸ் பனோப்பியை’ என்ற ஒட்டுண்ணி. பாறையிலும் படகடியிலும் ஒட்டும் பார்னக்கிளுக்கு உறவு, ஆனால் பார்வைக்கு அந்த உறவு தெரியாது. இதன் தாயகம் மெக்சிகோ வளைகுடாப் பக்கம். செசபீக்கின் சிப்பிகள் நோயில் மடிந்தபோது வளைகுடாவிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து இட்டார்கள். அவற்றுக்கிடையே வந்த நண்டுகளோடு இதுவும் வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 1964இல் அங்கே முதலில் தென்பட்டது.

ஒட்டுண்ணியின் பெண் லார்வா (இளம் பருவம்), தோலுரித்து ஓடு இறுகாத நண்டில் இறங்கும். உள்ளே வேர்போலப் பரவும். பிறகு நண்டின் வயிற்றடியில் ஒரு பையாக வெளியே வரும். நண்டு மலடாகிவிடும், ஒட்டுண்ணியின் பையைத் தன் முட்டைத் திரள் என்று பேணும். ஆண் நண்டுக்கும் விலக்கு இல்லை, அதன் வயிற்று மடல் பெண்ணுடையதைப் போல அகன்றுவிடுகிறது. (பாடநூல்கள் இந்த நண்டைத்தான் ‘விருந்தோம்பி’ என்கின்றன!)

இத்தனையையும் செய்யும் ஒட்டுண்ணி லார்வாப் பருவத்தில் மட்டும் மெலிந்த பிறவி. கடல்நீரில் ஆயிரத்தில் 35 பங்கு உப்பு என்றால், 10 பங்குக்குக் கீழே போன நீரில் லார்வாக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நண்டோ இரத்தத்தின் உப்பைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். டெக்சஸின் நன்னீர்த் தேக்கங்களில்கூடக் குடியேறியிருக்கிறது. ஆகவே ஆற்றை நோக்கிய மேற்பகுதியில் நண்டு இருக்கும், தொற்று அரிதாக இருக்கும். நாம் பெயரிட வேண்டியது இந்த இடைவெளிக்கு.

> ‘நன்னீர்ப் புகலிடம்’ என்றால் மாணவர்களுக்கு எளிது.

எளிதுதான் அம்மா, ஆனால் அது நன்னீர் அல்லவே. ஆயிரத்தில் 5 பங்கு உப்புள்ள நீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்தவர் அந்தப் பெயரை ஏற்கமாட்டார். கழிமுகத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீளமெல்லாம் இந்தச் சொல்லில் காணாமல் போகும்.

> ‘ஒட்டுண்ணி நீக்கு நீர்’ – செயலைச் சொல்வதால் தெளிவு.

இதை நான் அடியோடு மறுக்கிறேன். உப்புக் குறைந்த நீர் புதுத் தொற்றைத் தடுக்கிறது. வேர்விட்டுவிட்ட ஒட்டுண்ணியைத் துரத்துவதில்லை. அது நண்டின் உடலுக்குள் இருக்கிறது, நண்டு அந்த உடலின் உப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. ‘நீக்கு’ என்று போட்டால் மருந்துக்குளியல் என்று பொருளாகிவிடும். இறால் பண்ணைக்காரர் யாராவது அப்படியே எடுத்துக்கொண்டால் வம்பு.

என் முன்மொழிவு: குறையுவர்ப் புகல்.

‘குறைகடத்தி’ நிலைத்துவிட்டது, ‘குறையுவர்’ அதே வார்ப்பு. ‘புகலிடம்’ என்னாமல் ‘புகல்’ என்றதற்கும் காரணம் உண்டு. இது வரைபடத்தில் கோடு போட்டு நிறுத்தக்கூடிய இடமில்லை. மழை பெருகி ஆறு ஓடினால் கடலை நோக்கி நீளும். வறட்சியில் உப்பு மேலேறும்போது சுருங்கும். ‘புகல்’ என்பதற்குச் ‘சொல்’ என்ற பொருளும் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும், ‘குறையுவர்’ முன்னால் நிற்கும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள்.

இன்னொரு வசதி. எதிர்ப்பக்கத்துக்கும் இணை கிடைக்கிறது: மிகையுவர்ப் புகல். தூத்துக்குடி உப்பளங்களின் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் போன்ற உயிரி, மீன்கள் வாழமுடியாத அடர் உப்புநீரில் தப்பிப் பிழைப்பது அந்த வகை. அங்கே பகை ஒட்டுண்ணியல்ல, தின்னி. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகவே சுட்டுகிறது. நாமும் அப்படிச் சுட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

கட்டுரையில் இட்டுப் பார்த்தேன்: ‘அமெரிக்க நீல நண்டின் இரத்தத்தைத் தாக்கும் ஹெமட்டோடினியம் என்ற ஒட்டுண்ணி, உப்பு மிகுந்த கடலோரக் கழிகளில் பரவுகிறது, விரிகுடாவின் மேற்பகுதி அந்நண்டுக்குக் குறையுவர்ப் புகலாக அமைகிறது.’ வாக்கியம் இடறவில்லை. சிப்பிகளுக்கும் பொருந்தும், அவற்றைக் கொன்ற எம்எஸ்எக்ஸ் நோயும் உப்புக் குறைந்த நீரில் நிலைக்காதது.

மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு ஒரு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். ஒட்டுண்ணியின் பைக்கு வந்துள்ள ‘வெளிப்பை’, ‘புறப்பை’ இரண்டையும் தனி இழையில் பேசலாம். எனக்கு ‘வெளிப்பை’ பிடித்திருக்கிறது.