ஆய்வேட்டில் மேற்கோள், அடிக்குறிப்பு: தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. புறநானூறு பற்றித் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் இயலைப் படித்த நெறியாளர் பாதிப் பக்கங்களில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு நூலில் இருந்த பத்தியில் 'பயன்படுத்தினர்' என்பதைக் 'கையாண்டனர்' என்றும் 'பண்டை' என்பதைப் 'பழைய' என்றும் மாற்றிவிட்டு, என் சொந்த நடையில் எழுதியதாகவே நம்பியிருந்தேன். வாக்கிய அமைப்பும் கருத்து வரிசையும் அப்படியே இருப்பதால், அடிக்குறிப்பு போட்டாலும் இது திருட்டுதான் என்றார் அவர். இப்போது புரிகிறது, மனசு கஷ்டமாக இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஆய்வேட்டுக்கு உள்ள ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். உரிய குறிப்போடு தரும் மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது, சரி.

என் குழப்பம் இதுதான். நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் காட்டும் ஒரு செய்யுளை நான் வேறொருவரின் கட்டுரையில்தான் பார்த்தேன், மூல உரையைத் தேடிப் பிடிக்காமல் 'மேற்கோள் வழி' என்று குறித்தால் போதுமா? சங்கப் பாடலுக்குப் பக்க எண் தராமல் புறம். 192:1 என்று பாடல் எண்ணும் அடி எண்ணும் மட்டும் போடலாமா, பதிப்பாசிரியர் பெயரும் ஒவ்வொரு முறையும் வேண்டுமா? அப்புறம், மூலத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுத நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? அடுத்த வாரம் திருத்திய இயலைக் கொடுக்க வேண்டும்.