எலுமிச்சைச் செடியில் ஒரு முழு ஆயுள்

ஒரு உயிரின் ஆயுளை முதலிலிருந்து கடைசிவரை கண்ணெதிரே பார்க்க எலுமிச்சைச் செடி ஒன்று இருந்தால் போதும். நான் பார்த்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியை.

தாய்ப்பூச்சி கண்ட இலையில் முட்டை வைப்பதில்லை. சிறகடித்துக்கொண்டே முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். சுவை அறிவது அந்தக் கால்கள்தான். சரியான செடி என்று தெரிந்த பிறகே வயிற்றை வளைத்து, இளமஞ்சளாக ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். கருவுறுவதும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். இணைசேர்ந்தபோது கிடைத்த விந்தணுவை உடலுக்குள் ஒரு பையில் வைத்திருக்கும். முட்டை வெளியே வரும் வழியில்தான் இரண்டும் சேர்கின்றன. இது தெரிந்த பிறகு அந்தச் சில நொடிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

புழு பிறந்ததும் தன் முட்டை ஓட்டைத் தின்னும். கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் என்றே நம்பிவிடலாம். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் பச்சையாகிவிடும். தோலுரிப்பதற்கு முன் தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கும். நோய் என்று நினைத்து அதை எடுத்து வேறு இலையில் விடாதீர்கள், தயவுசெய்து. தான் நூற்ற பட்டு இழையில் காலைப் பதித்துக்கொண்டுதான் பழைய தோலிலிருந்து வெளியே வரும். அந்தப் பிடி போனால் தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகக்கூடும்.

அப்புறம் கூட்டுப்புழு. உள்ளே புழுவின் உடல் பெரும்பாலும் கரைந்து புதிதாக உருவாகிறது. ஆனாலும் எல்லாம் அழிவதில்லை. புழுவாக இருந்தபோது வெறுக்கப் பழகிய ஒரு வாசனையைச் சிறகு முளைத்த பிறகும் அந்துப்பூச்சிகள் தவிர்த்தன என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நினைவு தப்பிப் பிழைக்கிறது!

பாடப்புத்தக வட்டத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி, மறுபடி முட்டை என்று அம்புக்குறி சுற்றிவரும். சாவுக்கு அதில் இடமே இல்லை. செடியில் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் அது இருக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிப் போகும், பறவை புழுவைக் கொத்தும். ஒரு கூடு மட்டும் நிறம் மங்கிக்கொண்டே வந்தது. பூச்சி வரும் என்று காத்திருந்தேன். பக்கவாட்டில் சிறு ஓட்டை விழுந்து, எறும்பை விடச் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குளவிகளுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று அதே கட்டங்கள். அத்தனையும் இந்த ஒரு கூட்டுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கின்றன.