கூடி மாப் குழுவின் ‘சோல் ஃபுட்’: அட்லாண்டாவில் கேட்ட அனுபவம்

ராப் என்றாலே மார்தட்டல்தானே என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது கூடி மாப் குழுவின் ‘சோல் ஃபுட்’ ஆல்பத்தைத்தான். 1995 நவம்பரில் வந்தது. அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் ‘சோல் ஃபுட்’ என்று பெயர். சீ-லோ, கூஜோ, டீ-மோ, பிக் கிப் என்று நாலு பேர், அட்லாண்டா ஆட்கள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆல்பம் இது. அந்தக் காலத்து ராப்பில் இளவட்டங்கள் இதைச் சொன்னது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

வேலைக்காக அட்லாண்டா வந்த புதிதில் நகரத்துக்கு வடக்கே, கேட் போட்ட ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருந்தேன். தினமும் சாயங்காலம் கார் கண்ணாடியை இறக்கி, வாசலில் இருக்கும் பெட்டியில் எண்ணை அழுத்தி, இரும்புக் கதவு மெதுவாக நகரும் வரை காத்திருக்க வேண்டும். வாடகைக்கு விடுபவர்கள் அந்தக் கதவைத்தான் பெரிய வசதியாகச் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அங்கே காத்திருக்கும்போது காரில் இந்த ஆல்பத்தின் ‘செல் தெரபி’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பியானோ, நாலைந்து சுரம்தான், விடாமல் சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் சீ-லோ சொல்கிறார்: குடும்பத்தோடு ஓர் அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்தோம், அடுத்து எண் அழுத்தித் திறக்கும் கேட் வந்தது. இந்தக் கேட் குற்றத்தை வெளியே நிறுத்தவா, இல்லை எங்களை உள்ளேயே வைக்கவா? கதவு திறந்த பிறகும் நான் வண்டியை எடுக்காமல் இருந்ததில் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துவிட்டார்.

அது ஏதோ கற்பனைப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆல்பம் வந்தது, 1996 ஒலிம்பிக்ஸுக்காக நகரம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். 1936-இல் திறந்த, நாட்டின் முதல் அரசுக் குடியிருப்பான டெக்வுட் ஹோம்ஸை இடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ‘ரெட் டாக்’ என்ற பெயரில் ஒரு போலீஸ் பிரிவு. போதைப்பொருள் தேடி வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைவார்கள். 2011-இல்தான் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள். ‘டர்ட்டி சவுத்’ பாட்டில் அவர்கள் கதவுக்கு வந்து நிற்பது அப்படியே வருகிறது. தென்மாநில ராப் முழுவதற்கும் இன்று வழங்கும் பெயர் பரவியதே இந்தப் பாட்டுக்கு அப்புறம்தான்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தென்மேற்கு அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஆல்பம் வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். அவருடைய அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர், வீட்டில் ராப் போடவே கூடாது. ஆனால் இந்த ஆல்பம் ராப்பில் ஆரம்பிக்கவில்லையே. முதலில் வருவது ‘ஃப்ரீ’. விடுதலை கேட்டு சீ-லோ உருகிப் பாடுவார், கிட்டத்தட்ட ஜெபம்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டாராம் அம்மா. அதற்கப்புறம் அந்த ஒரு கேசட்டுக்கு மட்டும் அனுமதி. ‘கெஸ் ஹூ’ வரும்போது கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாராம். அது நாலு பேரும் அம்மாவைப் பற்றிப் பாடும் பாட்டு. சீ-லோவின் அம்மாவும் அப்பாவும் போதகர்கள். கார் விபத்தில் உடல் செயலிழந்த அம்மாவை அவர் இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். இது தெரிந்து கேட்டால் அவர் பாடும் பகுதியைத் தாங்குவது கஷ்டம்.

இசை ஆர்கனைஸ்டு நாய்ஸ். ரிக்கோ வேட், ரே மர்ரே, ஸ்லீப்பி பிரவுன் என்ற மூன்று பேர். ரிக்கோவின் அம்மா வீட்டு அடித்தளத்தில், தரை கூடப் போடாத செம்மண் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தவர்கள். அதே வருடம் டிஎல்சி என்ற பெண்கள் குழு பாடிய ‘வாட்டர்ஃபால்ஸ்’ அமெரிக்கா முழுக்க முதலிடத்தில் இருந்ததே, அதுவும் இவர்கள் கைவேலைதான். ஆகஸ்டில் நியூயார்க் விருது மேடையில் இவர்களுடைய கூட்டாளிகளான அவுட்காஸ்ட் என்ற ராப் ஜோடியைக் கூட்டம் கூச்சல் போட்டு அவமதித்தது. தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று அந்த ஜோடியில் ஒருவரான ஆண்ட்ரே அங்கேயே பதில் சொன்னார். அந்த விஷயம் என்ன என்று கேட்டவர்களுக்கு மூன்றே மாதத்தில் இந்த ஆல்பம் வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் ரிக்கோ இறந்த அன்று, என்னோடு வேலை பார்த்த அந்த நண்பரிடமிருந்து ‘ஃப்ரீ’ பாட்டின் இணைப்பு மட்டும் வந்தது, ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தென்மேற்குப் பக்கம் ஒரு சின்ன உணவகத்துக்குக் கூட்டிப்போனார். தேவாலயம் முடிந்து தொப்பியும் கோட்டுமாக வாசல் வரை வரிசை. வறுத்த கோழி, மக்ரோனி சீஸ், புகையில் வாட்டிய வான்கோழி போட்டு வேகவைத்த காலர்ட் கீரை, சோள ரொட்டி. கீரை வெந்த தண்ணீரில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ரசத்தில் வடையை ஊறவைத்த மாதிரி, உப்பும் புளிப்பும் ஏறி, ரொட்டி கரையத் தொடங்கும்போது எடுத்து வாயில் போட வேண்டும். ‘சோல் ஃபுட்’ பாட்டில் வருவதும் இந்தச் சாப்பாடுதான், ஆல்பத்திலேயே மனம் லேசாகும் இடம் அது.

அதை அடுத்து ‘ஃப்யூனரல்’ என்று ஓர் இறுதிச் சடங்குத் துண்டு வருகிறதே, அது ஏன் என்று அந்த மேசையில்தான் கேட்டேன். எங்கள் பக்கம் அடக்கம் முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள், இதே கோழி, இதே கீரை, என்றார். இருபது வயதுக்குள் அப்படி எத்தனையோ சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன், அதனால் எனக்கு அந்த வரிசை வித்தியாசமாகவே படவில்லை என்றும் சொன்னார். கூடப் படித்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லிவிட்டு, தட்டில் இருந்த கீரையை எனக்கும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் தயவுசெய்து பாடல்களைக் கலைத்துப் போடாதீர்கள். நடுவில் வரும் சின்னச் சின்னப் பேச்சுத் துண்டுகளையும் தாண்ட வேண்டாம். ‘செல் தெரபி’ மட்டும் கேட்டுவிட்டு இருட்டான ஆல்பம் என்று ஒதுக்கியவர்கள் கடைசிப் பாட்டு ‘தி டே ஆஃப்டர்’ வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். அப்புறம், 1998-இல் வந்த ‘ஸ்டில் ஸ்டாண்டிங்’ ஆல்பம்தான் இவர்களுடைய உச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆல்பத்தோடு நெருக்கமாகப் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.